மேற்பலகை

டைக் வீதி வீட்டில் கார்க் கொட்டகை ஒன்று இருக்கிறது,
கார் இல்லை. வீட்டைக் கட்டியவன் நம்பிக்கைக்காரன்.
அதற்குள் ஒரு வேலைமேசை போடுகிறேன்.
பத்து வருஷம் நிலத்தில் குந்தியிருந்து
மோட்டர் வைண்டிங் செய்ததில்
முழங்கால் இரண்டும்
கச்சான் கோது உடைக்கிற சத்தம்.

முதலில் உயரம்.
செருப்பைக் கழற்றி, கையைத் தொங்கவிட்டு
உள்ளங்கையை நிலம் பார்க்க மடித்தேன்.
தயாபரன் அளவுநாடா பிடித்தார்:
முப்பத்தொன்று.
‘எனக்குக் குனியவேணுமே’ என்றார்.
குனியுங்கோ.
குசினி மேடை தொடக்கம் கொடிக்கயிறு வரை
இந்த வீட்டில் எல்லாம் வேறு யாரோ ஒருவரின் உயரம்.

கால்களுக்கு அதிகம் யோசிக்கவில்லை.
நாலுக்கு நாலு பாலை. ஆணி இறங்காது,
துளைபோட்டு போல்ட் முறுக்கினேன்.
கீழே குறுக்குச் சட்டம், சட்டத்தில் ஒரு தட்டு,
தட்டில் எரிந்துபோன மோட்டர் ஏழு.
மேசையை அசையவிடாமல் பிடித்திருப்பவை
இனித் திருத்த வழியில்லாதவை.

மேற்பலகைதான் நித்திரையைக் கெடுத்தது.
பிளைவுட் என்றால் மார்கழிக்குள்
தேத்தண்ணியில் போட்ட பாண் மாதிரி ஊதும்.
இரும்புத் தகட்டைத் துறைமுகக் காற்று
இரவு இரவாக வந்து தின்னும்;
அதோடு கறன்ட் வேலை செய்கிறவளுக்கு
இரும்புமேசை, யமனுக்கு விரித்த பாய்.
டைல்ஸ் வெடிக்கும்.
கொங்கிறீற் போட்டால்
வீடு மாறும்போது அழுதுகொண்டு விட்டுப்போகவேணும்.

கிண்ணியா மரக்காலையில் றாஸிக்
முதிரைப் பலகை ஒன்றில் தண்ணீர் தெளித்துக் காட்டினார்.
நனைந்த இடம் மட்டும் தேன்.
தடவினேன். விலை கேட்டேன். கையை எடுத்தேன்.
‘காசைப் பிறகு தாங்கோ’ என்றார்.
காசு மட்டுமில்லை, நானா.
இதன்மேல் சுத்தியல் வைக்க மனம் வராது.
பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மேசை வேண்டாம்.

பலா எடுத்தேன். இரண்டங்குலத் தடிப்பு, மூன்று பலகை,
மஞ்சளில் முக்கி எடுத்ததுபோல் ஒரு நிறம்.
ஓட்டோவுக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிப்
பாலத்தைக் கடக்கும்போது
பலகை நுனி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையாட்டியது.

பலகைகளுக்கு நடுவில்
ஐந்து ரூபாய்க் குற்றி நிற்கும் இடைவெளி விட்டேன்.
கச்சான் காற்றில் சுருங்கும், மாரியில் பருக்கும்.
நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
நடு முதுகு கிளம்பிவிடும்.

அதன்மேல் ஹார்ட்போட் ஒன்று, எட்டு ஸ்குறூவில்.
காயப்படவேண்டியது அது.
வார்னிஷ் கொட்டட்டும், ஈயம் உருகி விழட்டும்,
வருஷத்தில் ஒருநாள் கழற்றி எறிந்து
புதிது போடலாம், அடியில் பலா அப்படியே இருக்கும்.
எங்களையும் இப்படி ஒரு மேல்தோலோடு
செய்து விட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.
ஆறாவது ஸ்குறூ கோணலாய்ப் போனது.
நினைப்பதை விட்டேன்.

நிமிர்த்தி வைத்துவிட்டு
ஸ்குறூ டிரைவரை மேலே போட்டேன். அது உருண்டு
வாசல் பக்கமாகப் போய் விழுந்தது.
நிலம் சரிவு. முகம் தெரியாத மேசனை
இரண்டு தலைமுறைக்குத் திட்டினேன்.
அன்றிரவு மழை.
கொட்டகைக்குள் அடித்த தண்ணீரெல்லாம்
ஒரு இடத்திலும் தேங்காமல்
கேற்றுக்குக் கீழால் காணுக்குள் போனது.

மேசனிடம் மன்னிப்புக் கேட்க விலாசம் இல்லை.
சுவர்ப்பக்கக் கால் இரண்டையும்
முக்கால் அங்குலம் அரிந்தேன்.
பாலை. ஒன்றரை மணித்தியாலம்.
வாள்தான் முதலில் களைத்தது.

வெள்ளிக்கிழமை விடிய
பெர்னதெத் அன்ரியின் தண்ணீர்ப் பம்பைத் தூக்கி,
இருபது கிலோ இருக்கும், நடுவில் வைத்தேன்.
தொம்.
ஒழுங்கையில் மட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்த புள்ளிமான்
ஒரு காதை மட்டும் திருப்பியது.
மேசை அசையவில்லை.

உள்ளேயிருந்து தயாபரன் கேட்டார்:
‘என்னப்பா விழுந்தது?’

விழவில்லை.
வைத்தேன்.